கைவைக்கக் கூடாத பாதி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "ம், நல்லா இருக்கேன்" என்று அதே பொய்யைத்தான் சொல்வாய். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் அண்ணி பேச்சை எடுத்தால் மட்டும் உன் ஊர் சிக்னல் எங்கே ஓடி ஒளிகிறதோ தெரியவில்லை. கடிதத்தை அப்படிப் பட்டென்று வைத்துவிட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் திட்டை வாங்கிக்கொள்கிறேன். நீ சொன்ன வேலையை நான் இன்னும் செய்யவில்லை. நீ பூட்டிவிட்டுப் போன வீட்டை வாங்குகிறவர் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார், அதற்குமுன் மின் இணைப்பை வெட்டி, கூரையில் உள்ள சோலார் தகடுகளையும் சுவரில் உள்ள பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும், மாதக் கடைசிக்குள் முடித்துவிடு என்று சொல்லியிருந்தாய். இணைப்பை வெட்டுவது கட்டுப்பாட்டு அறையில் என் மேசையிலிருந்தே செய்கிற வேலை. திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அந்த ஒரு பொத்தானை அமுக்கத்தான் என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

எங்கள் வேலை உனக்கு மறந்திருக்கும். ஆபீஸ் காகிதத்தில் நெகிழ்வுத் திட்டம் என்று போடுவார்கள். உங்கள் தெருவில் எல்லோரும் விட்டுக்கொடுக்கிற திட்டம் என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் ஆளாளுக்கு வீடு திரும்பி ஏசியைப் போட்டு, காரைச் சார்ஜில் மாட்டியதும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தவிக்கத் தொடங்கும். அப்போது நாங்கள் ஓர் அழைப்பு விடுவோம். பேட்டரி உள்ள வீடுகள் கொஞ்சம் மின்சாரத்தைத் தெருவுக்குத் தள்ளும். வாட்டர் ஹீட்டர்கள் சற்று நேரம் சும்மா இருக்கும், கார்கள் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது நடப்பதே தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தெரு இருட்டாகாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பேட்டரியில் ஒரு பங்கை வீட்டுக்காரர் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அதில் நாங்கள் கைவைக்கக் கூடாது. அண்ணி பாதியை ஒதுக்கி வைத்திருந்தாள், அவளுடைய மூச்சு மிஷினுக்காக. தெருவே இருட்டானாலும் விடியும்வரை அது ஓட வேண்டுமே. அவள் போன பிறகு நீ அந்தப் பாதியைப் பூஜ்யமாக்கினாய். "யாருக்கு வைக்கணும், எல்லாத்தையும் எடுத்துக்கோங்க" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நினைவிருக்கிறதா?

போன வாரம் ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் அழைப்பு விட்டேன். எல்லா வீடும் கொடுத்தது, உன் வீடும் கொடுத்தது. பேட்டரி பாதிக்கு வந்ததும் உன் வீடு மட்டும் நின்றுவிட்டது. என்னடா இது என்று பார்த்தால், ஒதுக்கிய பங்கு பாதி என்று திரையில் இருக்கிறது. நானே பூஜ்யமாக்கினேன். மறுநாள் வந்து பார்த்தால் பாதி. மறுபடி மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் பாதி. எங்கள் அதிகாரியை உனக்குத் தெரியும், எதற்கெடுத்தாலும் உடனே உடனே என்று பறப்பதால் அவர் பெயரே எங்களுக்குள் 'உடனே'தான். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "பூட்டின வீட்டுல யாருக்கும்மா பாதியை எடுத்து வச்சிருக்கு? உடனே பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம்தான் உன் வீட்டில் மின்சாரம் ஓடுவதைக் காட்டுகிற கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த நாற்காலியைத் தேய்த்தவளுக்கு ஒவ்வொரு சாதனத்தின் நடையும் தெரியும். ஹீட்டர் ஒரேயடியாக ஏறிப் பலகை மாதிரி நிற்கும். பிரிட்ஜ் ஏறும், இறங்கும், தூங்கும். பூட்டிய வீட்டில் எதுவும் இருக்கக்கூடாது. அங்கே கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சின்னதாக ஓர் ஏற்றம், ஒரு நிதானம், ஓர் இறக்கம், மறுபடியும் ஏற்றம். அண்ணா, அது மூச்சு.

உளறுகிறேன் என்று நினைக்காதே. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அண்ணி உனக்கு மனைவி ஆவதற்கு முன்பே எனக்கு ஒரே பெஞ்சுச் சிநேகிதி. லீவு நாட்களில் அவள் கட்டிலில் உட்கார்ந்து, என் போனில் இதே கோட்டை அவளுக்குக் காட்டியிருக்கிறேன். அவள் மூச்சை இழுத்தால் மிஷின் காற்றைத் தள்ளும், கோடு ஏறும். விட்டால் இறங்கும். "பாருடி, நான் உயிரோட இருக்கறதுக்கு உங்க கம்பெனியே சாட்சி" என்று சிரிப்பாள். சிரித்தால் கோடு தாறுமாறாகத் துள்ளும், அதைப் பார்த்து இன்னும் சிரிப்பாள். நீ வரும் நேரம் நெருங்கினால் மட்டும் மிஷினை நிறுத்திவிடுவாள். அதன் சீற்றத்தில் உன் ஸ்கூட்டர் சத்தமும் வாசல் கேட்டின் கிறீச்சும் கேட்காதாம். முகமூடியைக் கழற்றிவிட்டு, இருக்கிற மூச்சையும் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுவாள். அந்த நேரத்தில் கோடு தட்டையாகிவிடும். ஏண்டி இப்படி உயிரை வாங்குகிறாய் என்று நான் திட்டுவேன். சும்மா இருடி என்று கையைக் காட்டுவாள்.

இப்போது அந்த மிஷின் வீட்டில் இல்லை. அதை நீதான் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனாய். சாவி என்னிடம்தான் இருக்கிறது, கால்தான் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. உன் மாப்பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஆபீஸ் வேலை இருக்கிறதாம், வீரர்!

பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. சின்னவன் பல் விழுந்து காற்றோடு பேசுகிறான். வேளைக்குச் சாப்பிடு. இணைப்பு விஷயத்தில் இன்னும் சில நாள் எனக்கு அவகாசம் கொடு.

உன் அன்புத் தங்கை

*

அவசரக்கார அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் திட்டு உனக்கு. குடை இருந்தால் பிடித்துக்கொள்.

உங்கள் தெருவுக்கெல்லாம் பேட்டரி மாட்டித் தந்தவரை நேற்று ஆபீசுக்கு வரச்சொல்லிக் கோட்டைக் காட்டினேன். பேட்டரிக்காரர் சற்று நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். "அந்த மிஷினோட ப்ளக்கு எங்கேங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மூச்சு மிஷினுக்கென்று கம்பெனி ஓர் அளக்கும் ப்ளக் கொடுத்திருந்தது அல்லவா, அதற்குள் சிம் கார்டு இருக்கிறது. எந்தச் சுவரில் மாட்டினாலும் அது உன் வீட்டுப் பெயரில்தான் செய்தி அனுப்பும். மிஷின் ஓடுகிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்வரை, இந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று எங்கள் கணினி பாதியைத் தானே ஒதுக்கி வைக்கும். நான் எத்தனை தடவை பூஜ்யமாக்கினாலும் அது கேட்காது.

மிஷினை வாங்கியவர் யார் என்று பார்த்தால், உன் தெருக்கோடித் தையல்காரர். அவர் மனைவிக்கும் அதே நெஞ்சு வியாதி. போய்ப் பார்த்தேன். மிஷினோடு சேர்த்து ப்ளக்கையும் கறுப்பு டேப்பால் சுற்றி, இழுத்தாலும் வராதபடி நீயே ஒட்டிக் கொடுத்திருக்கிறாய்! ஊருக்குப் போகிற அவசரத்தில் வீட்டை மட்டும் காலி செய்தாய், அவள் பெயரைக் கழற்ற மறந்துவிட்டாய். நான் பார்த்தது தையல்காரர் மனைவியின் மூச்சு. இதற்காகத்தான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த அம்மாவும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார். ஆனால் யோசித்தால் பகீரென்கிறது. மூச்சுக்கு ஏங்குகிறவர் அங்கே, அவருக்கென்று ஒதுக்கிய பாதி ஆளில்லாத உன் வீட்டில். ஒரு சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் படுத்துவிட்டால் அவர் கதி என்ன ஆகியிருக்கும்? ப்ளக்கை அவர்கள் வீட்டுப் பெயருக்கு மாற்றிவிட்டேன். அவர்களுக்கும் ஒரு சின்ன பேட்டரி மாட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். 'உடனே' முதல்முறையாக உடனே கையெழுத்துப் போட்டார்.

இனி வெட்டுவதில் எனக்குத் தடை இல்லை. திங்கட்கிழமை முடித்துவிடுகிறேன். வாங்குகிறவரிடம் சொல்லிவிடு.

தங்கை

*

அன்புள்ள அண்ணா,

பதில் போட்டிருந்தாய். நல்லது, நன்றி என்று இரண்டே சொல். சரி. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

திங்கட்கிழமை காலை வெட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். கடைசியாக ஒரு தடவை உன் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ப்ளக் போய்விட்டதால் அங்கே மிச்சம் இருப்பது பேட்டரியின் சொந்தக் கோடு மட்டும்தான். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஏற்றம், ஒரு நிதானம், ஓர் இறக்கம்.

தையல்காரர் வீட்டுக் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது வேறு மூச்சு, அந்த அம்மாவுடையது குட்டை மூச்சு. புதன்கிழமை அவரைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கேயே மிஷின் இருப்பதால் இதை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டுக் கோடு படுத்துவிட்டது. உன் வீட்டுக் கோடு மட்டும் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒதுக்கிய பங்கும் பாதி என்றே இருந்தது. அந்த வீட்டில் நோயாளி இருப்பதாகக் கணினிக்குச் சொல்ல இப்போது யாரும் இல்லை, அண்ணா.

மறுநாள் மதியம் பேட்டரிக்காரரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். கூட வேலை பார்க்கிறவளை என் மேசையில் உட்காரவைத்து, போனில் கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். வீடு முழுக்கத் தூசி. எங்கள் இரண்டு பேரின் செருப்புத் தடம் தவிர வேறு தடம் இல்லை. அண்ணியின் அறையில் கட்டில் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. மிஷின் இருந்த மூலையில், அந்தச் சுவர் ப்ளக் பாயின்டில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. அதன் மேல் கையை வைத்தேன். கதகதப்பாக இருந்தது. வெயில் படுகிற சுவரா என்று பேட்டரிக்காரரைக் கேட்டேன். "இல்லீங்க, இது உள்சுவர்" என்றார்.

அவர் எல்லாவற்றையும் அளந்து பார்த்தார். "எதுவும் ஓடலீங்களே" என்றார். பிறகு அந்த அறையின் பியூஸை மட்டும் பிடுங்கினார். போனில் இருந்தவள், கோடு நின்றுவிட்டது என்றாள். எங்கும் ஒரே அமைதி. அதுவரை அமைதியாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஏதோ ஒரு சத்தம் இருந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு என்ன வந்ததோ, "போடுங்க, போடுங்க, சீக்கிரம் போடுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் சட்டென்று போட்டார். கோடு திரும்ப வந்துவிட்டது, ஆனால் வேகமாக இருக்கிறது என்று போனில் சொன்னாள். யாரோ ஓடிவந்து இளைக்கிற மாதிரி வேகமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிதானத்துக்கு வந்ததாம். பேட்டரிக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், கூலியைப் பற்றிப் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த வருஷத்திலேயே மோசமான வெயில். தையல்காரர் மனைவி அன்றுதான் வீடு திரும்பியிருந்தார், அவர்களுக்கு இன்னும் பேட்டரி மாட்டவில்லை. அழைப்பு விட்டேன். தெருவே முடிந்ததைக் கொடுத்தும் போதவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் சூடு எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உன் வீட்டின் பாதியில் கைவைக்கச் சொல்லி 'உடனே' குதித்தார். மனிதர் மேல் தப்பில்லை. ஆனால் நான் கைவைக்கவில்லை, சத்தியமாக வைக்கவில்லை. அது தானாகவே கொடுத்தது. பாதிக்குக் கீழே இறங்கி, இன்னும் இறங்கி, கொடுத்துக்கொண்டே இருந்தது. கொடுக்கக் கொடுக்க மூச்சுக் கோடு மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. "போதும்டி, நிறுத்துடி" என்று திரையைப் பார்த்து நான் சொன்னதை அறையே கேட்டது. டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்தது, தையல்காரர் வீட்டில் மிஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மறுநாள் வெயிலில் உன் வீடு பாதியை நிரப்பிக்கொண்டது. கோடும் தேறிவிட்டது. அவள் வேறு எப்படி இருப்பாள்? கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தானே உட்காருவாள்.

இனி, எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு நேரத்தில் அந்தக் கோடு தட்டையாகிவிடுகிறது. சற்று நேரம் அப்படியே இருக்கிறது, பிறகு தொடங்குகிறது. அது எந்த நேரம் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீ வேலை முடிந்து தெருமுனை திரும்புகிற நேரம்.

அவளுடைய கடைசி நாளன்று நீ வரத் தாமதமாகிவிட்டது. மிஷினில் கோளாறு இல்லை, மின்சாரம் போகவில்லை, பேட்டரியில் பாதி அப்படியே இருந்தது. ஆனால் மிஷின் நின்றிருந்தது. அதை நிறுத்தியது அவள் கைதான். ஏன் நிறுத்தினாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. உன்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை அண்ணா, நீ ஒருவன்தான் அங்கே உட்கார்ந்து உனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவள் அப்படி நினைத்திருந்தால் இன்னமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

நேற்று அந்த நேரத்துக்கு நான் உன் வீட்டு வாசலில் நின்றேன். போனில் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டையானது. எனக்குத் தாங்கவில்லை. கேட்டைத் திறந்தேன், அது கிறீச்சிட்டது. மூடினேன். கோடு அசையவில்லை. வழக்கத்தைவிட நெடுநேரம் அப்படியே நின்றது. எனக்கு மூச்சு முட்டியது, நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிறகு ஒரு நீண்ட ஏற்றம் வந்து, மெல்ல இறங்கியது. ஏமாந்துபோய் விடுகிற பெருமூச்சு அது. கேட்டைத் திறந்தது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட அந்தப் பெருமூச்சுதான் வலிக்கிறது.

இடிக்கிற ஆட்கள் வருகிற வியாழன் வருகிறார்கள். அதற்குள் வெட்டாவிட்டால் 'உடனே' வேறு ஒருவரை விட்டு வெட்டிவிடுவார், அவரை என்னால் தடுக்க முடியாது. உன்னிடம் வீட்டை விற்காதே என்று கேட்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் வா. அந்த அறைக்குள் போகக்கூட வேண்டாம். தெருமுனையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, எப்போதும்போல் வாசலில் நிறுத்தி, கேட்டைத் திறந்தால் போதும். அதற்குப் பிறகு வெட்டுவதற்கு எதுவும் இருக்காது என்று என் மனசுக்குப் படுகிறது. அப்படி இருந்தாலும் நானே வெட்டிவிடுகிறேன், உன்னைக் கேட்கமாட்டேன்.

உன் ஸ்கூட்டரை உன் மாப்பிள்ளை துடைத்து, காற்றடித்து, பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறார். கிளம்பும்போது இருக்கிற அத்தனை சாமியும் உன்கூட வரட்டும். பூட்டுகளுக்கும் கதவுகளுக்கும் எண்ணெய் போட்டுவிட்டேன். வாசல் கேட்டுக்கு மட்டும் போடவில்லை.

காத்திருக்கும்,
உன் தங்கை